ஏறும்போது ஒன்று, இறங்கும்போது வேறொன்று

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை காஞ்சிபுரத்துக்கு மேற்கே, ஜடாயு தலமான திருப்புட்குழியை ஒட்டிப் போகிறது. விடிகாலை நாலு மணிக்கு அந்தப் பக்கம் லாரியைக் கிளப்பும் ஒரு டிரைவர், ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவாட்டர் அடித்துவிட்டுப் படுத்தவர் என்று வைத்துக்கொள்வோம். "தெளிஞ்சிடுச்சு" என்பார். தெளிந்திருக்காது.

கணக்குப் பார்ப்போம். குவாட்டர் 180 மில்லி. பிராந்தியிலும் விஸ்கியிலும் ஆல்கஹால் 42.8 சதவீதம், ஆக, சுமார் 60 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ரத்தத்தில் 100 மில்லிக்கு 130 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கழிக்கும். மோர், எலுமிச்சை, கடுங்காப்பி எதைக் குடித்தாலும் அந்த வேகம் கூடாது. நாலு மணிக்கு 40 மிச்சம் இருக்கும். சட்டத்தின் வரம்பு 30.

அவர் பொய் சொல்லவில்லை. மூளை அவரை ஏமாற்றுகிறது. ரத்தத்தில் அளவு ஏறும்போது டோபமைன் சுரக்கும், நாடி வேகமெடுக்கும், வாயடைத்துக் கிடந்தவரும் பேசுவார். கூடவே, மூளையில் நம்மை அடக்கி வைக்கும் பகுதி தளர்ந்துவிடும். உற்சாகம் என்று தோன்றுவதில் பாதி, பிரேக் பிடிக்காத வண்டியின் வேகம்தான். அளவு இறங்கத் தொடங்கியதும் மந்தம் மேலோங்கிக் கண் செருகும்.

இங்கேதான் வினோதம். ரத்தத்தில் அதே அளவு இருந்தாலும், ஏறும்போது தெரிகிற தள்ளாட்டம் இறங்கும்போது குறைவாகவே தெரியும். நாய்களுக்கு ஆல்கஹால் கொடுத்து ஆய்வாளர் எட்வர்ட் மெல்லன்பி 1919இல் இதைப் பதிவு செய்தார். நிதானம் வந்துவிட்டதாக மனம் நம்பிவிடும், ஆனால் கவனமும் கைவேகமும் அந்த அளவுக்குத் திரும்பியிருக்காது.

மூன்றாவது கட்டம் ஒன்றும் உண்டு. மந்தத்தை எதிர்த்து மூளை தன்னைத் தூண்டிக்கொண்டே இருக்கும். ஆல்கஹால் வடிய வடிய அந்தத் தூண்டல் மட்டும் மிஞ்சும். பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாக உடைவதும், வியர்ப்பதும், நெஞ்சு படபடப்பதும் இதனால்தான். மூணு மணிக்குத் தானாக விழிப்பு வந்தால் தூங்கியது போதும் என்று அர்த்தமில்லை. அது உடல் இயல்பாகவே சோர்ந்து கிடக்கும் நேரம் வேறு.

குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுக்க, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு சிற்றூர்களுக்கு அதை 220 மீட்டராகக் குறைத்தது. கடையைத் தள்ளி வைத்தாலும், குடித்தது கழிய ஒன்பது மணி நேரம் ஆகும். லோடு ஏற்றி அனுப்பும் முதலாளிகளே, ராத்திரி பத்து மணிக்குக் குவாட்டர் அடித்தவரைக் காலை எட்டு மணிக்கு முன் கிளப்பாதீர்கள்.