கறுப்பு மணலின் பெறுமதி எங்கே ஏறுகிறது?

"மனே, இந்தக் கறுப்பு மண்ண அள்ளிக்கொண்டு போய் என்னதான் செய்யப் போறாங்க?"

கதிரவெளியில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. 2004 சுனாமிக்கு ஒரு தடவை, 2006 யுத்தத்துக்கு ஒரு தடவை என வீட்டை விட்டு ஓடியவர். வாகரைப் பக்கத்தில் இல்மனைட் அகழ்வுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியிருந்த காலம். அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தேடி அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்த எங்களுக்கு அரிக்கன் சட்டி தெரியும். அம்மா அரிசியை நீரில் அசைத்து அசைத்து ஊற்ற, அரிசி போய்விடும், பாரமான கல் சட்டியில் தங்கும். வாடைக் காலத்து அலையும் கரையில் இதைத்தான் செய்கிறது. வெண்மணல் நீரைவிட 2.65 மடங்கு பாரம், இல்மனைட் 4.7 மடங்கு. இலேசானதை அலை இழுத்துச் செல்ல, பாரமானது கறுப்புக் கோடாகப் படிகிறது.

தொழிற்சாலையிலும் முதல் வேலை இதுவேதான். சுருள் வடிவப் பீலிகளில் மணலையும் நீரையும் ஓடவிட்டுப் பாரமானதைப் பிரிப்பார்கள். அடுத்து காந்தம். ஸ்பீக்கர் காந்தத்தில் உடனே ஒட்டுவது பெரும்பாலும் மக்னடைட். இல்மனைட்டை இழுக்க வலுவான காந்தம் வேண்டும். எஞ்சியதில் மின்சாரத்தைக் கடத்தும் ரூட்டைலையும் கடத்தாத சிர்கோனையும் மின்னழுத்தத்தால் பிரிப்பார்கள்.

ஆனால் கழுவுவதற்கு ஓர் எல்லை உண்டு. இல்மனைட்டில் இரும்பும் டைட்டேனியமும் ஒரே பளிங்குக்குள் பிணைந்திருக்கின்றன. எவ்வளவு சுத்தமாகப் பிரித்தாலும், தூய இல்மனைட்டில் டைட்டேனியம் ஒட்சைட்டு 52.7 வீதம்தான். தமிழ்நாட்டில் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் குரோமைட்டுக்கும் இதே சிக்கல். இரும்பு கூடிய அந்தத் தாதை அப்படியே உருக்கினால், துருப்பிடிக்காத உருக்குக்குத் தேவையான அளவு குரோமியம் செறிந்த கலப்புலோகம் கிடைக்காது. தாதுக்குள் இருக்கும் இரும்பை வெளியே எடுத்தாக வேண்டும்.

அதற்கு வழிகள் இரண்டு. ஒன்று, நிலக்கரியோடு சேர்த்து மின் உலையில் 1600 பாகைக்கு மேல் உருக்குவது. தென்னாபிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே, கனடாவின் சோரெல் ஆகிய இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. இரும்பு உருகி வார்ப்பாலைகளுக்குப் போகிறது. மேலே மிதக்கும் கசடில் டைட்டேனியம் ஒட்சைட்டு 80 வீதமளவுக்கு ஏறுகிறது. மற்றது, கரியோடு வறுத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரும்பைக் கரைப்பது. தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்தில் இந்த முறையில் 90 வீதத்துக்கு மேற்பட்ட செயற்கை ரூட்டைல் எடுக்கிறார்கள். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டின் மூலப்பொருள் அது.

பெறுமதி ஏறுவது இந்த இரண்டாம் கட்டத்தில். நாங்கள் நிற்பதோ முதல் கட்டத்தில். எங்களுக்கு வடக்கே புல்மோட்டையில் 1957 இல் தொடங்கிய அரச கூட்டுத்தாபனத்தின் வாரிசுதான் இன்றைய லங்கா மினரல் சாண்ட்ஸ். அங்கிருந்து இல்மனைட் பிரித்த மணலாகவே கப்பலேறி வந்திருக்கிறது. 1997 செப்டெம்பரில் அதை ஏற்ற நின்ற கோர்டியாலிட்டி கப்பல் தாக்கப்பட்டுச் சீன மாலுமிகள் உயிரிழந்தார்கள். அந்த மணலுக்காக இரத்தமும் சிந்தியிருக்கிறது.

அப்படியானால் தொழிற்சாலையையும் இங்கேயே கட்டினால் போதுமா? அவசரப்பட வேண்டாம். உருக்குவதற்கு மலிவான மின்சாரம் வேண்டும். அமில முறையில் இரும்பு கரைந்த கழிவு வரும், அதை வாவிக்குள் விட முடியாது. பிரிப்பதற்கு மட்டுமே ஏராளமான நீர் வேண்டும். கரையோரக் கிணறுகளின் நன்னீரோ மணலுக்குள் மழை தேக்கிவைத்த மெல்லிய படை. அளவு மீறி இறைத்தால் உப்புநீர் ஏறிவிடும். இந்த மணலோடு சிறிதளவு வரும் மொனசைட்டில் கதிர்வீச்சுள்ள தோரியமும் உண்டு. பிரிக்கும்போது அது ஓரிடத்தில் செறிவாகச் சேரும். மணல்மேட்டை இழந்த ஊருக்கு அலை எப்படி வரும் என்பதை 2004 ஐக் கண்ட எங்களுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆகவே கூட்டம் கூட்டி யாராவது அபிவிருத்தி என்று பேசினால், இவற்றைக் கேளுங்கள்: எந்தக் கட்டம் வரை இங்கே நடக்கும்? நீர் எங்கிருந்து வரும்? கழிவும் மொனசைட்டும் எங்கே போகும்? தோண்டிய கரையை யார், எப்போது நிரப்புவார்? பதிலை எழுத்தில், தமிழில் கேளுங்கள்.

பெரியவரே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: இந்த மண்ணிலிருந்து வெள்ளைப் பெயின்ட்டும் இரும்பும் எடுக்கிறார்கள். விற்ற காசு எங்கே போகும் என்பது இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதும் மேசையில் உங்களுக்கும் ஒரு கதிரை வேண்டும்.