கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு

பெரகல சந்தியிலிருந்து ஒரு பாதை அப்புத்தளைக்கு ஏறுகிறது, இன்னொன்று கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. மேட்டில் தேயிலையும் மரக்கறியும், கீழே லயங்களுக்குப் பீலித் தண்ணீர். மேலே அடிக்கிற மருந்து மழையோடு எங்கே வரும் என்று விளக்கத் தேவையில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். எண்டோசல்பான் போன்ற பூச்சிமருந்து அதற்கு அசையாது. எண்டோசல்பானின் ஒரு மூலக்கூறில் ஆறு குளோரின் அணுக்கள். கார்பனை அவை பிடித்திருக்கும் பிடி அப்படி. இலங்கை அதை 1998 இலேயே தடை செய்துவிட்டது; இந்தியாவில் 2011 இல்தான் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது.

அந்தப் பிடியை வெள்ளி விடுவிக்கும் என்று 2003 இல் காட்டியவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பிரதீப்பும் ஸ்ரீகுமாரன் நாயரும். அதே கார்பன்-குளோரின் பிடி உள்ள கார்பன் டெட்ராகுளோரைடில் வெள்ளி நானோ துகள்கள் சேர்ந்தபோது, சூடாக்காமலே குளோரின் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி குளோரைடானது. கார்பன் கரியாக மிஞ்சியது. வெள்ளிக் கட்டியைப் போட்டிருந்தால் இது நடந்திராது. எல்லாம் மேற்பரப்பின் வேலை. ஒரு சென்டிமீட்டர் கனசதுர வெள்ளிக்கு வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் 600 சதுர மீட்டர், ஏறத்தாழ 24 பேர்ச். (வீட்டுக்கு 7 பேர்ச் காணி கேட்டே களைத்துப் போன தோட்டத்து மக்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று விளங்கும்.)

இந்த வழியில் வந்த பூச்சிமருந்து வடிகட்டி 2007 இல் இந்தியச் சந்தைக்கே வந்துவிட்டது. ஆனால் எல்லா நஞ்சும் ஒரே மாதிரி உடைவதில்லை. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தை வெள்ளித் துகள்கள் இரண்டாகப் பிளக்கின்றன. மூன்று குளோரினும் ஒரு துண்டோடு அப்படியே நிற்கின்றன. குளோரினைப் பிடிக்கப் பிடிக்க வெள்ளியும் தீர்ந்துபோகும். ஆகவே வடிகட்டிக்கு ஆயுள் உண்டு, மாற்றாவிட்டால் அது வெறும் அலங்காரம். நிலத்தடி நீரைச் சுத்தம் செய்ய வெள்ளி கட்டுப்படியாகாது. அங்கே மலிவான இரும்புதான் கைகொடுக்கிறது. அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் 1997 இல் பலேடியம் பூசிய இரும்பு நானோ துகள்களால் டிரைகுளோரோஎதிலீன் என்ற குளோரின் சேர்மத்தை உடைத்துக் காட்டினார்கள்.

என்னைக் கேட்டால், வெள்ளி வடிகட்டி கடைசிக் காவல்தான். முதல் காவல் மருந்தடிப்பவர் கையில். மருந்து டாங்கியைப் பீலியிலோ ஓடையிலோ கழுவாதீர்கள். கழுவிய தண்ணீரை ஊற்றுப் பக்கம் ஊற்றாதீர்கள். தோட்ட நிர்வாகமும் மருந்து கலக்கும் இடத்தைப் பீலிக்குக் கீழே, தள்ளி வைக்கட்டும்.