மாமாவுக்கு ஒரு நியாயம், அத்தைக்கு ஒரு நியாயமா?

எங்கள் வீட்டில் நடந்ததை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன். உங்களில் ஒருவருக்காவது பயன்பட்டால் சந்தோஷம்.

எனக்கு வயது 38. மதுரையில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். 2019-ல் என் மாமனாருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். 'இதய மறுவாழ்வு' என்று வாரம் மூன்று நாள், மொத்தம் 12 வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்து உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்றார் டாக்டர். என் கணவர் ஆபீசில் பர்மிஷன் போட்டு, வண்டியில் கூட்டிப் போனார். மாமாவுக்குப் புது கான்வாஸ் ஷூ வாங்கினோம். பயிற்சி முடிந்த பிறகும் விடியற்காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வருவார். வந்ததும் அத்தை கஞ்சியோடு நிற்பார்.

2024 ஆடி மாதம், 62 வயதான அத்தைக்கு ஒருநாள் தாடை வலி, முதுகு வலி, குமட்டல், உடம்பெல்லாம் வேர்வை. நெஞ்சு வலி என்று அவர் சொல்லவே இல்லை. வாயுதான் என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். சாயந்திரம் ஈ.சி.ஜி. எடுத்தபோதுதான் மாரடைப்பு என்று தெரிந்தது. பெண்களுக்கு இப்படியும் வரும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு ஆடிப் போய்விட்டேன். அத்தைக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அதே வாரம் மூன்று நாள் பயிற்சியை எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டே நாள்தான் போனோம். கணவருக்கு லீவு இல்லை. "எனக்கெதுக்கு தாயி எக்சர்சைசு? வீட்டுல குனிஞ்சு நிமிர்றது பத்தாதா? ஆம்பளைங்க முன்னாடி கையைக் காலை ஆட்டிக்கிட்டு..." என்று அத்தையும் மறுத்துவிட்டார். மனசாட்சியைத் தொட்டுச் சொல்கிறேன், எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மகனுக்கு பத்தாம் வகுப்பு. அடுப்படியில் இன்னொரு கை இருந்தால் நல்லது என்று நினைத்தேன். மூன்றாவது வாரமே அத்தை மாவாட்டினார், தண்ணீர்க் குடம் தூக்கினார். மத்தியானம் ஆனால் துவண்டு படுத்துவிடுவார். மாடிப்படி ஏறவே பயப்படுவார்.

இரண்டு மாதம் கழித்து செக்கப்புக்குப் போனோம். பயிற்சி கொடுக்கும் பெண், அத்தையை வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார். அதற்குள் இரண்டு தடவை சுவரைப் பிடித்து நின்றுவிட்டார் அத்தை. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "உங்க மாமாவை எத்தனை தடவைக்கா கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். "முப்பத்தாறு." "அத்தையை?" "ரெண்டு." எனக்குத் தலை நிமிரவில்லை. "உங்க வீட்ல மட்டுமில்லக்கா, எல்லா ஊர்லயும் இந்தப் பயிற்சிக்குப் பொம்பளைங்க வர்றது குறைச்சல். வந்தாலும் பாதியில நின்னுடறாங்க" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். குடம் தூக்கும்போது மூச்சைப் பிடிப்பதால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. வீட்டு வேலையில் அளவும் கிடையாது, களைப்புதான் மிச்சம். பயிற்சி என்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. கை கால் தசைகள் பழகிவிட்டால், அதே வேலைக்கு இதயம் குறைவாக உழைத்தால் போதும். அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தால் வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்துவார்களாம். 1952-ல் லெவின், லவுன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதிய பிறகுதான் அந்த வழக்கம் மாறத் தொடங்கியதாம்.

அன்று இரவே கணவரிடமும் மாமாவிடமும் பேசினேன். பயிற்சி நாட்களில் காலை டிபன் கணவர் பொறுப்பு, காய் நறுக்குவது மாமா பொறுப்பு என்று முடிவானது. மகளிர் இலவச பஸ்ஸில் நானே அத்தையை அழைத்துப் போனேன்.

முதலில் ஐந்து நிமிடம் கை, கால், கணுக்கால் அசைத்து மெல்ல நடை. பிறகு சற்று வேகநடை. அதை வாரா வாரம் சில நிமிடம் கூட்டினார்கள். முடிக்கும்போது சட்டென்று உட்காராமல், ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்து நடக்க வேண்டும். வேகம் சரியா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. சில இதய மாத்திரைகள் நாடித் துடிப்பைக் குறைத்துவிடும் என்பதால், நாடியை மட்டும் நம்பக் கூடாதாம்.

சாப்பிட்ட உடனே நடக்கக் கூடாது. நெஞ்சு, தாடை, தோளில் வலியோ, மூச்சுத் திணறலோ, தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். டாக்டர் கொடுத்த நாக்கடி மாத்திரை அத்தையின் சுருக்குப் பையில் எப்போதும் இருக்கும். சர்க்கரையும் இருப்பதால் கூடவே இரண்டு மிட்டாய். பைபாஸ் ஆபரேஷன் ஆனவர்கள், நெஞ்செலும்பு கூடும் வரை டாக்டரைக் கேட்காமல் குடம், கேஸ் சிலிண்டர் பக்கமே போகக் கூடாது. ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதால், நாமாக ஆரம்பிக்காமல் டாக்டர் சொன்ன பிறகே செய்ய வேண்டும்.

12 வாரம் முடிந்து மறுபடி அந்த வராந்தாவில் ஆறு நிமிடம் நடந்தபோது, அத்தை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. இப்போது மாமாவோடு தெப்பக்குளத்துக்கு நடக்கப் போகிறார். சேலைக்குக் கீழே ஷூ போடும் வெட்கம் எல்லாம் போய்விட்டது. திரும்பி வரும்போது இரண்டு பேருக்கும் கஞ்சி வைத்துக் காத்திருக்கிறேன். "நீயும் வா தாயி, எனக்கு வந்தது உனக்கு வர வேணாம்" என்று ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துப் போகிறார்.

தோழியரே! உங்கள் அம்மாவோ மாமியாரோ இதய சிகிச்சை முடிந்து வந்திருந்தால், டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து ஒரு தடவை படியுங்கள். அதில் பயிற்சி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கும் நாம், நடையை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

- ஒரு வாசகி, மதுரை.