கொள்கலனுக்கு ஒரே வாசல்

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய வன்செயல்களையடுத்து இலங்கை அரசு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. பலர் வி.பி.என். வழியே அந்தத் தடையைத் தாண்டினார்கள். தொலைபேசியில் அதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் சேர்வரில் ஓடும் ஒரு மென்பொருள் கொள்கலனின் போக்குவரத்தை மட்டும் வி.பி.என். போன்ற ஒரு சுரங்கவழி அனுப்புவது அத்தனை எளிதல்ல.

2013இல் வந்த டொக்கர் என்ற மென்பொருள் பரவலாக்கிய கொள்கலன் தனிக் கணினி அல்ல. வலையமைப்பைப் பொறுத்தவரை, லினக்ஸ் அதற்கென்று தனி வலையமைப்பையும் தனி வழித்தட அட்டவணையையும் ஒதுக்கித் தருகிறது, அவ்வளவுதான். ஒரு மெய்நிகர்க் கம்பியின் ஒரு முனை கொள்கலனுக்குள்ளும் மறுமுனை சேர்வரிலும் இருக்கும். வெளியே போகும் எல்லாம் அந்தக் கம்பி வழியேதான் போகும்.

பலரும் முதலில் செய்வது, சுரங்கத்தின் நுழைவாயிலான புரொக்சியின் முகவரியைச் சூழல் மாறியில் எழுதிவைப்பது. அது வெறும் வேண்டுகோள்தான். மதிக்கும் மென்பொருள்கள் உண்டு. கண்டுகொள்ளாமல் நேரே வெளியேறுபவையும் உண்டு. இன்னொரு பொறி 127.0.0.1. கொள்கலனுக்குள் அந்த முகவரி கொள்கலனையே குறிக்கும்; சேர்வரில் ஓடும் புரொக்சி அங்கே அகப்படாது.

நிஜச் சுரங்கம் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: பொல்கொல்லவில் மகாவலி ஆற்றை மறித்து, சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவெல மின்நிலையத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். மிஞ்சும் நீர் பழைய வழியே விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு இறங்குகிறது. நமது கொள்கலனில் அப்படி மிஞ்சி வழிய விடக்கூடாது. பழைய வழியை அடைத்தே ஆகவேண்டும்.

அதற்கு நான் நம்பும் வழி இது: சுரங்கத்தை ஒரு தனிக் கொள்கலனில் ஓட்டி, மற்றக் கொள்கலனை அதன் வலையமைப்பையே பகிரச் செய்வது. அங்கே 'டன்' எனும் மெய்நிகர் வலையட்டைதான் இயல்பு வழி. அதில் விழும் தரவுப் பொதிகளை 'டன்2சொக்ஸ்' போன்ற கருவி புரொக்சி இணைப்புகளாக மாற்றிவிடும். உள்ளிருக்கும் மென்பொருள் புரொக்சி என்ற ஒன்றை அறியவே தேவையில்லை. சுரங்கத்தின் சொந்த இணைப்பைத் தவிர எதுவும் நேரே வெளியேறாதபடி தீச்சுவர் விதியும் வேண்டும்.

கசிவு பெரும்பாலும் பெயரை முகவரியாக்கும் டி.என்.எஸ். கேள்விகளில்தான் நேர்கிறது. அவை வழக்கமாக யு.டி.பி.யில் போகின்றன, எஸ்.எஸ்.எச். திறக்கும் சொக்ஸ் சுரங்கமோ டி.சி.பி.யை மட்டுமே சுமக்கும். பெயர் தேடலும் சுரங்கத்துக்குள் நடக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

சோதிப்பது சுலபம். கொள்கலனுக்குள்ளிருந்து வெளியே உள்ள ஒரு தளத்திடம் அதன் வெளி முகவரி என்னவென்று கேளுங்கள். சுரங்கத்தின் மறுமுனை முகவரி வரவேண்டும். பிறகு சுரங்கத்தை நிறுத்திவிட்டு மீண்டும் கேளுங்கள். பதில் எதுவும் வரக்கூடாது.