வாடகை வருதேன்னு வாயைப் பிளக்காதீங்க!



என் மகளும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில் ஹல் என்ற துறைமுக ஊரில் இருக்கிறார்கள். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளைக்கு கம்ப்யூட்டர் வேலை. பேரன் பிறந்த சமயம் ஆறு மாதம் அங்கே போய் இருந்துவிட்டு வந்தேன். பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கும் என் போன்ற தாய்மார்களுக்கு உபயோகப்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை மெதுவாக ஆரம்பித்தார். "அத்தை, இந்த ஊர்ல வீடு ரொம்ப மலிவு. லண்டன்ல ஒரு ரூம் வாங்குற காசுக்கு இங்கே முழு வீடே வாங்கலாம். இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டா, வாடகையே கடனை அடைச்சிடும். கையில கொஞ்சம் பணம்தான் குறையுது."

குறையும் பணம் என்னிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் ரிடையர் ஆனபோது வந்ததில் மீதம் பதினைந்து லட்சம், என் பேரில் பாங்கில் கிடக்கிறது. அவர் போன பிறகு எனக்கு இருக்கும் ஒரே தைரியம் அதுதான். மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்ல முடியுமா? "முதல்ல வீட்டைப் பார்ப்போம்" என்றேன்.

மூன்று வீடு பார்த்தோம். முதலாவது அடுக்குமாடி ஃபிளாட். விலை குறைவுதான். ஆனால் மனை நமக்குச் சொந்தமில்லையாம், நீண்ட கால குத்தகையாம். வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் வேறு கட்ட வேண்டும். அது எவ்வளவு ஏறும் என்பது நம் கையில் இல்லை. வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

இரண்டாவது, வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய செங்கல் வீடு. பின்னால் ஒரு சந்து. அதை அந்த ஊர்க்காரர்கள் 'டென்ஃபுட்' என்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் புதுப் பெயிண்ட் வாசனை. ஒரு சுவரில் கீழே மட்டும் பெயிண்ட் புதிதாக இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று ஓதம்! அந்த ஊரில் பெரும்பகுதி தாழ்வான நிலம். 2007 ஜூன் மழையில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததாம். எந்தத் தெருவுக்கு வெள்ள ஆபத்து என்று அரசாங்கமே இலவசமாக வரைபடம் போட்டிருக்கிறது. வாங்குகிறவர்கள் அதையும் பார்க்க வேண்டும், தனியாக ஒரு சர்வேயரை வைத்து வீட்டைச் சோதிக்கவும் வேண்டும்.

மூன்றாவது வீடு எல்லோருக்கும் பிடித்தது. விலை ஒரு லட்சம் பவுண்டு. மனையும் சொந்தம். ஆனால் உள்ளே ஒரு வயதான அம்மாள் பதினான்கு வருஷமாகக் குடியிருந்தார். மாதம் 540 பவுண்டு வாடகை. புரோக்கர் எங்களை வாசலுக்குக் கூப்பிட்டு, "இந்தம்மாவைக் காலி பண்ணிட்டா 650 கிடைக்கும்" என்றார். அந்த அம்மாளோ எங்களுக்கு டீ போட்டுக்கொண்டு இருந்தார்.

எனக்கு மனசு சரியில்லை. திருச்சியில் நாங்கள் ஏழு வீடு மாறியவர்கள். ஒரு முறை மகளுக்குப் பரீட்சை நேரத்தில் காலி செய்யச் சொல்லி, தட்டுமுட்டுச் சாமானோடு தெருவில் நின்றிருக்கிறோம். அதை எப்படி மறப்பேன்?

வீட்டுக்கு வந்ததும் பேரனைத் தூங்க வைத்துவிட்டு, மகளை விவரம் கேட்டுக் கேட்டு நோட்டில் கணக்குப் போட்டேன். பால் கணக்கு எழுதின கைதானே!

விலையில் கால் பங்கு, 25 ஆயிரம், கையிலிருந்து போட வேண்டும். இரண்டாவது வீடு என்பதால் 5 சதவிகிதம் கூடுதல் முத்திரை வரி. அது 5 ஆயிரம். 2024 அக்டோபர் 31-ல் இருந்துதான் இந்த 5 சதவிகிதம், முன்பு 3. மனைவி பேரில் வாங்கினாலும் தப்ப முடியாது; கணவன் மனைவி இருவரையும் ஒரே கணக்காகத்தான் பார்க்கிறார்கள். வக்கீல், சர்வே, ரிப்பேர் என்று 6 ஆயிரம். ஆக 36 ஆயிரம் பவுண்டு.

வாடகை 650 என்றே வைத்துக்கொள்வோம். 75 ஆயிரம் கடனுக்கு ஐந்தரை வட்டி வீதம், வட்டி மட்டுமே மாதம் 344. பார்த்துக்கொள்ளும் ஏஜெண்டுக்கு 78. இன்சூரன்ஸ் 20. ரிப்பேருக்கும் சர்ட்டிபிகேட்டுகளுக்கும் 65. அங்கே கேஸ் அடுப்பு, பாய்லரை வருஷம் ஒரு முறை சோதித்து சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும். கரண்ட் வயரிங்கை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. வருஷத்தில் ஒரு மாதம் ஆளில்லாமல் கிடந்தால் அதற்கு மாதம் 54. மிச்சம் 89 பவுண்டு!

இதில் வரி வேறு. முன்பெல்லாம் வட்டியை முழுசாகக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வரியாம். 2017-ல் ஆரம்பித்து 2020-க்குள் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது வட்டியில் 20 சதவிகிதத்தை மட்டும் வரியில் தள்ளிக் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை 50,270 பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்குவதால் அவருக்கு 40 சதவிகித வரி. அவர் பேரில் வாங்கினால் மாதம் 15 பவுண்டு கைநஷ்டம். அதே வீடு 20 சதவிகித வரி கட்டும் மகள் பேரில் இருந்தால் 71 பவுண்டு மிச்சம். சகோதரிகளே, 'யார் பேரில் வாங்குவது' என்பது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை, பார்த்தீர்களா!

அந்த 71-ம் அந்த அம்மாளை வெளியே அனுப்பினால்தான். 2025-ல் வந்த வாடகைதாரர் சட்டப்படி, 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் யாரையும் காலி செய்யச் சொல்ல முடியாது. வாடகையை வருஷத்துக்கு ஒரு முறைதான் ஏற்றலாம். அதுவும் அதிகம் என்றால் குடியிருப்பவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கியதுண்டு. அங்கே சாதாரண வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. அதையும் 30 நாளுக்குள் அதற்கென்று உள்ள பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும். 

நோட்டை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். "பணம் தர மனசில்லைன்னா நேரா சொல்லியிருக்கலாமே அத்தை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. ஏன்தான் வந்தோமோ என்றுகூடத் தோன்றியது. மகள் இரண்டு பக்கமும் பேச முடியாமல் தவித்தாள்.

மூன்றாம் நாள் அவரே கம்ப்யூட்டரில் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார். "எனக்கும் மைனஸ் பதினைந்துதான் வருது" என்றார். அவ்வளவுதான், வேறொன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரு காபி போட்டுக் கொடுத்தேன்.

இப்போது அவர்கள் கையிலிருந்த சேமிப்பைத் தாங்கள் குடியிருக்கும் வீட்டுக் கடனில் கட்டி வருகிறார்கள். விலை ஏறினால் லாபம் போய்விடுமே என்கிறீர்களா? ஏறலாம். ஆனால் ஏறும் வரை மாதா மாதம் கையிலிருந்து போட நம்மால் முடியுமா என்றுதானே முதலில் பார்க்க வேண்டும்! பின்னால் வாங்குவதாக இருந்தால் மகள் பேரில் வாங்கட்டும், என் பணம் அதற்குக் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்களாம். டீ போட்டுக் கொடுத்த அந்த அம்மாள் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று மகளிடம் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அந்தப் பக்கம் போனால் பார்த்துச் சொல்கிறேன் என்கிறாள்.

சகோதரிகளே, பிள்ளைகள் கேட்டால் கொடுக்கத்தான் செய்வோம். ஆனால் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்து, வரவை மட்டுமல்ல, செலவையும் எழுதிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். இரண்டு நாள் மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை. என்ன, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, திருச்சி.