பஞ்சு வெடிமருந்தாகும் வழியும் அதை அடைக்கும் முறையும்

போர் தொடுத்த நாட்டுக்கு ஆயுதம் விற்பதில்லை என்று பிற நாடுகள் முடிவு செய்வது எளிது. பீரங்கியும் துப்பாக்கியும் எவர் கண்ணுக்கும் தெரிபவை; துறைமுகத்தில் அவற்றை மறிப்பதும் கடினமன்று. ஆனால் அந்தப் பீரங்கிக்கு வேண்டிய மருந்து எதிலிருந்து உண்டாகிறது என்று ஆராய்ந்தால், அது உழவர் நிலத்தில் விளையும் பொருளாகவே இருக்கக் காண்கிறோம். நாம் விளைவித்து, நூற்று, நெய்யும் பஞ்சே அப்பொருள். ஆகவே, மூலப்பொருள்மீது விதிக்கப்படும் வாணிபத் தடை எவ்வாறு பயன்படுகிறது, எங்கே பழுதாகிறது என்பதைப் பருத்தி பயிரிடுவோரும் நெசவாளரும் அறிந்திருத்தல் நலம்.

பஞ்சு மருந்தாவது எப்படி?

பஞ்சு ஏறக்குறையத் தூய செல்லுலோஸ் ஆகும். அதை நைட்ரிக் திராவகமும் கந்தகத் திராவகமும் கலந்த கலவையில் நனைத்து எடுத்தால், கடுமையாக எரியும் தன்மை பெறுகிறது என்பதை 1846இல் ஷோன்பைன் என்னும் வேதியியல் அறிஞர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வெளியிட்டார். 1884இல் பிரான்சு நாட்டு வியேல் என்பார் இதிலிருந்து புகையில்லாத மருந்தைச் செய்தார். 1889இல் இங்கிலாந்தில் ஏபெல், டியூவர் என்னும் இருவர் 'கார்டைட்' மருந்தை உண்டாக்கினர். நமது நீலகிரி அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட தொழிற்சாலை, இம்மருந்தின் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

இதற்கு நீண்ட இழையுள்ள உயர்ந்த பஞ்சு வேண்டுவதில்லை. அரவை ஆலையில் பஞ்சைப் பிரித்தபின், பருத்திக் கொட்டையின்மேல் குட்டையான பூம்பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். வியாபாரிகள் இதை 'லிண்டர்ஸ்' என்பர். நூற்க உதவாத இப்பஞ்சைச் சீவி எடுத்து, காரத்தில் வேகவைத்து, வெளுத்துக் கூழாக்கித் திராவகத்தில் இட்டால் நைட்ரோ செல்லுலோஸ் கிடைக்கிறது. அதில் நைட்ரஜன் குறைவாயிருந்தால் மரச்சாமான் வார்னிஷுக்கும் அச்சு மைக்கும் நகப்பூச்சுக்கும் பயன்படுகிறது. மிகுதியாயிருந்தால் குண்டைச் செலுத்தும் மருந்தாகிறது. உலக நாடுகள் பலவற்றின் ஆயுதப் பட்டியலில் 12.5 சதவிகிதத்துக்கு மேல் நைட்ரஜன் உள்ளதே இடம் பெறுகிறது. தொடக்கம் ஒன்று, முடிவு இரண்டு. தடையின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கிறது.

1914ஆம் ஆண்டின் அனுபவம்

முதல் உலகப் போருக்கு முன், 1909இல், கடற்போர் விதிகள் குறித்து லண்டனில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. எந்நிலையிலும் தடைக்கு உட்படாத பொருள்கள் என அதில் ஒரு பட்டியல் இருந்தது. கச்சாப் பருத்தி அப்பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. பருத்தி துணிக்குரியது என்பதே அன்றைய எண்ணம். அந்த உடன்படிக்கையை எந்த நாடும் முறைப்படி உறுதிப்படுத்தவில்லை. எனினும் போர் மூண்டபின் 1914 அக்டோபரில், பருத்தியைத் தடுக்கப்பட்ட பொருளாகக் கருதுவதில்லை என்று பிரிட்டன் அமெரிக்காவுக்கு உறுதி கூறியது.

ஜெர்மனியில் பருத்தி விளைவதில்லை. ஆனால் அதன் அண்டை நாடுகளான ஹாலந்து, டென்மார்க், சுவீடன் ஆகியவை நடுநிலை வகித்தன. அந்நாடுகளுக்குச் சென்ற பருத்தி, அவற்றின் ஆலைகளுக்கு வழக்கமாக வேண்டிய அளவைக் கடந்து பெருகியது. ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கும் பேல் ராட்டர்டாமிலேயே தங்குவதில்லை என்பதை எவரும் ஊகிக்கலாம். இங்கிலாந்தில் சர் வில்லியம் ராம்சே போன்ற அறிஞர்கள், நம் வீரர்மீது பாயும் குண்டுக்கு வேண்டிய பஞ்சை நாமே போக விடுகிறோம் என்று அரசாங்கத்தை இடித்துரைத்தனர். 1915 ஆகஸ்டில்தான் பருத்தி தடுக்கப்பட்ட பொருளாக அறிவிக்கப்பட்டது. போர் தொடங்கி ஓராண்டு அதற்குள் சென்றுவிட்டது.

ஓட்டைகளை அடைத்த விதம்

வரப்பில் நண்டு வளை இருக்கும்வரை மடையை அடைத்தும் பயனில்லை என்பது உழவர் அறிந்தது. அன்று மூன்று வளைகள் கண்டறியப்பட்டன.

முதலாவது, பொருளின் பெயர். கச்சாப் பருத்தி என்று மட்டும் எழுதினால், அதே சரக்கு கழிவுப் பஞ்சு என்ற பெயரில் கப்பலேறும். ஆதலால் 1915 அறிவிப்பில் கச்சாப் பருத்தி, லிண்டர்ஸ், கழிவுப் பஞ்சு, நூல் ஆகிய நான்கும் தனித்தனியே குறிக்கப்பட்டன.

இரண்டாவது, வழி. சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது என்று பார்ப்பதைவிட, முடிவில் யாரிடம் சேர்கிறது என்று பார்த்தல் வேண்டும். 1914 நவம்பரில் ஹாலந்து வணிகர்கள் ஒரு பொறுப்பாண்மைக் கழகத்தை அமைத்தனர். இறக்குமதிச் சரக்கு அக்கழகத்தின் பெயருக்கே வந்தது. உள்நாட்டிலேயே பயன்படுத்துவேன், எதிரி நாட்டுக்கு விற்கமாட்டேன் என்று வாங்குபவர் எழுதிக்கொடுக்க வேண்டும். தவறினால் தண்டம் செலுத்த வேண்டும்.

மூன்றாவது, அளவு. ஒரு நாடு அமைதிக் காலத்தில் எவ்வளவு வாங்கியதோ அவ்வளவே இப்போதும் தேவைப்படும் என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தது. 1915 செப்டம்பரில் 'கிம்' முதலிய நான்கு கப்பல்களைப் பற்றிய வழக்கில் இக்கணக்கே சான்றாயிற்று. அவை கோபன்ஹேகனுக்குக் கொண்டுசென்ற பன்றிக்கொழுப்பு, டென்மார்க் வழக்கமாக ஓராண்டில் வாங்கும் அளவைப்போல் 13 மடங்குக்கும் மிகுதி என்று நீதிபதி சர் சாமுவேல் எவான்ஸ் எடுத்துக்காட்டினார். பொய்ச் சீட்டு எழுதலாம். ஒரு நாட்டின் வயிற்றைப் பதின்மூன்று மடங்கு பெரிதாக்க இயலாது.

விளைவித்தவர் நட்டம்

பருத்தியைத் தடுக்க ஓராண்டு தாமதித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் போன்றோர் கருத்தில் கொள்ள வேண்டியது இதுவே. 1914இல் அமெரிக்கத் தென் மாநிலங்களில் சுமார் 160 லட்சம் பேல் பருத்தி விளைந்தது. அறுவடைக்கு முன் போர் வந்தது. நியூயார்க் பருத்திச் சந்தை மூடப்பட்டுப் பல மாதம் திறக்கப்படவில்லை. விலை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. கடன்பட்ட சிறு விவசாயிகள் தவித்தனர். ஆளுக்கு ஒரு பேல் வாங்கி வைப்போம் என்று ஊர்மக்களை வேண்டும் இயக்கமும் அங்கே நடைபெற்றது. இந்நிலையில் பருத்தியைத் தடை செய்தால் அமெரிக்கக் குடியானவரின் பகை நேருமென்று பிரிட்டன் அஞ்சியது.

இந்த அச்சம் நீங்க, 1915இல் தடையை அறிவித்தபோதே, விலை ராத்தலுக்குச் சுமார் 10 சென்ட் அளவில் நிற்கும்படி சந்தையில் பருத்தியை வாங்கப் பிரிட்டிஷ் அரசாங்கம் ஏற்பாடு செய்தது. விலை விழவில்லை, பின்னர் ஏறவும் செய்தது. எதிரிக்கு விற்றால்தான் பிழைப்பு என்ற நிலை விவசாயிக்கு இல்லாமற்போயிற்று. காவல் கப்பல்கள் செய்ய முடியாத காரியத்தை நியாய விலை செய்தது எனலாம்.

தடையின் எல்லையையும் மறத்தலாகாது. பஞ்சு கிடைக்காத ஜெர்மானியர் மரக்கூழிலிருந்து மருந்து செய்யக் கற்றனர். காலங்கடந்த தடை, மாற்றுவழி தேட எதிரிக்கு அவகாசம் தருகிறது.

இன்றைய நிலை

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது முழு அளவில் படையெடுத்தபின் இதே சிக்கல் மீண்டும் எழுந்துள்ளது. ரஷ்யாவின் மருந்து ஆலைகளுக்கு வேண்டிய பருத்திக்கூழ், பருத்தி விளையும் மத்திய ஆசிய நாடுகளிலிருந்து நெடுங்காலமாகச் சென்று வந்தது. அந்நாடுகள் மேற்கு நாடுகளின் தடையில் சேரவில்லை. வேறு பல பொருள்களும் மூன்றாம் நாடுகள் வழியே சுற்றிச் சென்றன.

இதைக் கண்ட ஐரோப்பிய ஒன்றியம், சுற்றுவழிக்கு இடந்தரும் மூன்றாம் நாட்டுக்கே குறித்த பொருளை நிறுத்தும் அதிகாரத்தை 2023 ஜூனில் சட்டத்தில் சேர்த்தது. ரஷ்யாவுக்கு மறு ஏற்றுமதி செய்வதில்லை என்னும் உறுதியை, குறித்த சில பொருள்களின் விற்பனை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்ற விதி 2024 மார்ச் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. ஹாலந்து வணிகர் வாங்கிய உறுதிச்சீட்டின் புதிய வடிவமே இது. மறுபுறம், தங்கள் மருந்து ஆலைகளுக்கு வேண்டிய லிண்டர்ஸுக்குச் சீனாவைப் பெரிதும் நம்பியிருப்பதை ஐரோப்பியரும் 2024இல் கவலையோடு பேசினர். மூலப்பொருள் யார் கையில் இருக்கிறதோ அவருக்கும் தடைசெய்யும் வல்லமை உண்டு.

நாம் அறியத்தக்கவை

நமது நாட்டிலும் ஆயுதத்துக்கும் அமைதித் தொழிலுக்கும் பொதுவான பொருள்களுக்கு 'ஸ்கோமெட்' என்னும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் இருக்கிறது. எனினும் பட்டியல் மட்டும் போதாது. என்ன பொருள், எவ்வளவு, யாருக்கு, எதற்கு என்னும் நான்கு கேள்விகளுக்கும் கணக்கேட்டில் விடை இருக்க வேண்டும். தனித்து நிற்கும் விவசாயியால் தன் பஞ்சு இடைத்தரகர் கையைக் கடந்து எங்கே செல்கிறது என்று அறிய இயலாது. கூட்டாக விற்று, ஒழுங்காகக் கணக்கு வைக்கும் சங்கத்தால் அது இயலும்.

அவ்வாறே, தடை விதிக்கும் அரசாங்கங்களும் ஒன்றை உணர வேண்டும். உலக அமைதிக்காக ஒரு விளைபொருளை விற்கலாகாது என்றால், அதன் நட்டத்தை உலகம் பகிர்ந்துகொள்ள வேண்டும். பயிரிட்டவர் தலையில் மட்டும் சுமத்துதல் நீதியன்று. நீதியற்ற தடையில் ஓட்டை விழுந்துகொண்டே இருக்கும். விளைவித்தவருக்கு உரிய விலை கிடைக்கும்போதுதான் அவரே அத்தடைக்குக் காவலராவார்.