பால்மரத்துப் பட்டைக்குள்ளே

ஜொகூரில் குளுவாங், லாபிஸ், சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக விடியுமுன்பே உளியோடு நிரைக்குப் போனார்கள். கோடு வெட்டியதும் பால் வழிந்து மங்கில் இறங்கும். அந்தப் பால் ஓடிவரும் குழாயை மரம் எப்படிக் கட்டுகிறது?

கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய செல் அடுக்கு ஒன்று உண்டு. கேம்பியம் என்பார்கள். அதன் செல்கள் ஓயாமல் பிரிந்து உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் வளர்க்கின்றன. பட்டைப் பக்கம் பிறப்பவற்றில் பல, உணவைக் கடத்தவும் சேமிக்கவும் போய்விடும். சில மட்டும் பால் செல்களாகும். ஒரு பால் செல் அண்டையில் இன்னொன்றைத் தொட்டால், நடுவிலிருக்கும் சுவர் கரைந்து வழிவிடுகிறது. மேலும் கீழும் பக்கவாட்டிலும் இப்படிச் சேர்ந்து சேர்ந்து, தனித்தனியாகப் பிறந்த செல்கள் ஒரே வலையாகின்றன. அதனால்தான் ஒரு கோடு வெட்டினால் தூரத்துப் பாலும் வந்து சேர்கிறது. பால் ஒழுகினாலும் செல்களின் உட்கருக்கள் சுவரோரம் ஒட்டித் தங்கிவிடும். வடிந்த குழாயில் மறுபடி பால் ஊறுவது அவற்றால்தான்.

எந்தச் செல் பால் செல்லாவது என்பதில் காயத்துக்கும் பங்குண்டு. காயம்பட்ட செடியில் சுரக்கும் ஜாஸ்மோனிக் அமிலத்தை ரப்பர் தண்டில் பூசினாலே புதிய பால்குழாய்கள் உருவாவதை 2000இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

குழாய்கள் மரத்தைச் சுற்றி வளையம் வளையமாக அமைகின்றன. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் தொடர்பு மிகக் குறைவு. புதிய வளையங்கள் கேம்பியத்தை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே ஆழமாக வெட்டினால்தான் பால் கூடும். கேம்பியத்தைத் தொட்டுவிட்டாலோ அந்த இடத்தில் பட்டை சீராக வளராது, முண்டு முண்டாகிவிடும், பிறகு உளி ஓடாது. கேம்பியத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் முன்னே உளி நிற்க வேண்டும். குழாய்கள் மேலேறும்போது சற்றே வலப்பக்கம் சாய்வதால், கோடு இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கம் சரிந்து இறங்குகிறது. அப்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபடும்.

அரையிருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் பட்டையின் கனம் மாறும்போதும் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கைப்பக்குவத்தாலேயே காத்தவர்களில் பலர் நம் தாய்மார்கள். அதை நுட்பமான தொழில் என்றே சொல்ல வேண்டும். ஜொகூரின் ரப்பர் காடுகளில் பெரும்பகுதி இன்று செம்பனையாகிவிட்டது. உங்கள் வீட்டில் பால் வெட்டிய பாட்டி இருந்தால், உளியை எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரிந்துகொண்டார் எனக் கேட்டு எழுதி வையுங்கள்.